முதலும் அசலும்

'முதல்' என்றால் தொடக்கம், வேர், மரத்தின் அடி. தொழிலில் போட்ட பணம் என்ற பொருளும் பழையதே. வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் வேலையை அறிவுடையோர் தொடமாட்டார்கள் என்கிறது 463-ஆம் குறள். 'அசல்' அரபியிலிருந்து வந்தது. அங்கும் வேர் என்றே பொருள். இரண்டும் வேர்தான், யார் நிலத்தில் என்பதே கேள்வி. முதல், தொழில் செய்பவருடையது. அசல், கடன் கொடுத்தவருக்குத் திரும்ப வேண்டியது. 'முதலும் வட்டியும்' என்றும் சொல்கிறோமே எனலாம். அது கொடுத்தவர் பக்கம் நின்று பேசும் பேச்சு. அவருக்கு அது முதல்தான்.

பாம்பன், ராமேசுவரம் கரையில் இந்த வேறுபாட்டுக்குக் காசு மதிப்பு உண்டு. வலைக்கும் டீசலுக்கும் வியாபாரி தரும் அட்வான்ஸில் பல நேரம் வட்டி என்ற பேச்சே இராது. பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். ஈடு கேட்காமல் வேறு யார் தருவார் என்பது நியாயமான வாதம். 2015-இல் வந்த அரசின் முத்ரா திட்ட வங்கிக் கடனுக்கும் ஈடு வேண்டாம்தான்; ஆனால் வங்கித் தவணைக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் தடைக்காலம் புரியாது, வியாபாரிக்குப் புரியும். எனவே அட்வான்ஸ் வாங்குவது குற்றமில்லை. அதை முதல் என்று கணக்கெழுதுவதே பிழை. கிலோவுக்கு எத்தனை ரூபாய் விலை குறைகிறதோ, அதுதான் அந்த அசலுக்கு வட்டி.