வெண்ணெயைக் குறைத்த ஊர்

நாப்பது வயசு ஆம்பளைங்க திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாயுறது ஒரு ஊர்ல சகஜமா இருந்தா என்ன பண்ணுவாங்க? பெரும்பாலும் விதின்னு விட்டுடுவாங்க. பின்லாந்துல ஒரு மாகாணம் அப்படி விடலை. கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்குங்க மக்கா.

பின்லாந்தின் கிழக்கு ஓரம், ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கு வடக்கு கரேலியா. காடு, ஏரி, பனி. அந்தக் காலத்துல மரம் வெட்டுறதும் பால்மாடு வளர்க்குறதும்தான் முக்கியமான பிழைப்பு. நம்மள மாதிரி ஏசி ரூம்ல உக்காந்து ஆணி புடுங்குற ஆளுங்க இல்லை, உடம்பு வணங்கி உழைச்சவங்க. ஆனாலும் செத்தாங்க. அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ் 1958ல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' 40 முதல் 59 வயது வரையான 12,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருஷம் கவனித்தது. அதில் மாரடைப்பு மிக அதிகம் கிழக்கு பின்லாந்தில். மிகக் குறைவு கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில்.

காரணம் தட்டுலயே இருந்தது. ரொட்டி மேல தடிமனா வெண்ணெய், சமையலுக்கும் வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், பன்றிக்கறி, எல்லாத்துலயும் உப்பு. காய்கறி பேருக்குத்தான். கூடவே, ஆண்களில் பாதிப் பேர் புகை பிடிச்சாங்க.

1971ல் மாகாண ஆளுநர், எம்.பி.க்கள், உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தாங்க. "ஏதாவது செய்யுங்க"ன்னு கேட்டது ஊர்க்காரங்களே. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. 1972ல் திட்டம் ஆரம்பம். தலைமை ஏற்றவர் பெக்கா புஸ்கா, மருத்துவத்தோட அரசியல் அறிவியலும் படிச்சவர். அப்ப அவருக்கு 27 வயசுகூட நிறையலை. கிட்டத்தட்ட அதே வயசுல நான் அடுத்தவன் எழுதுன கோட்ல பக் தேடிக்கிட்டு இருக்கேன் :)

புஸ்கா குழு போஸ்டர் ஒட்டிட்டுப் போயிடலை. மார்த்தா அமைப்புன்னு அங்க இல்லத்தரசிகள் சங்கம் ஒண்ணு உண்டு. அவங்க ஊர் ஊரா 'நீண்ட ஆயுள் விருந்து' நடத்தினாங்க. பழைய கரேலியக் கறிக்குழம்பையே கறியைக் குறைச்சு, காய்கறியைக் கூட்டி சமைச்சுப் பரிமாறினாங்க. சாப்பாட்டைத் தூக்கிப் போடச் சொல்லலை, அளவைத்தான் மாத்துனாங்க. ரொட்டி, சாசேஜ் தயாரிக்கிறவங்ககிட்டப் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்க வெச்சாங்க. பின்னாடி கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற போட்டிகூட நடந்திருக்கு!

ஆனா வெண்ணெயைக் குறைன்னா மாடு வெச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்? இது வயித்துப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம். பால் பண்ணைத் தரப்பு கடுமையா எதிர்த்தது. 1980களின் பிற்பாதியில் அரசு உதவியோட பெர்ரி பழச் சாகுபடித் திட்டம் வந்தது. அந்தக் குளிர்லயும் விளையுற பழம் அது. விவசாயிக்கு மாற்று வருமானம், ஊருக்குப் பழம். பின்லாந்து குளிருக்கு ஏத்த கடுகு இனத்துப் பயிர் ஒண்ணுல இருந்து சமையல் எண்ணெயும் பரவலாச்சு. "இதைச் சாப்பிடாதே"ன்னு சொல்றது சுலபம். அதை நம்பிப் பிழைக்கிறவனுக்கு வேற வழி காட்டுறதுதான் கஷ்டம்.

பலன்? அங்கே 35 முதல் 64 வயது ஆண்களில் இதயநோயால் இறந்தவர்கள் 1970 வாக்கில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு சுமார் 670 பேர். 2000களின் மத்தியில் அது 100 சொச்சம். 80 சதவீதத்துக்கும் மேல் சரிவு. ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 1972ல் 265ஐத் தாண்டி இருந்தது, 2007ல் சுமார் 210.

இப்ப நம்ம இன்ஜினியர் புத்தி கேக்குற கேள்வி: இது திட்டத்தாலதான் நடந்ததா? ஒப்பிட்டுப் பார்க்கவே பக்கத்து மாகாணம் குவோப்பியோவை எடுத்திருந்தாங்க. முதல்ல கரேலியாவில் வேகமா குறைஞ்சது, அப்புறம் குவோப்பியோவிலும் குறைஞ்சது. "அப்ப திட்டம் எதுக்கு?"ன்னு விமர்சகர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பக்கத்து ஊர்க்காரன் ரேடியோ கேக்காம, பேப்பர் படிக்காம இருப்பானா? 1977க்கு அப்புறம் திட்டமே நாடு முழுக்கப் போயிடுச்சு. எந்த ஊருக்கு எவ்வளவு பங்குன்னு பிரிக்கிறது கஷ்டம். ஆனா 1972 முதல் 1992 வரையான சரிவின் பெரும்பகுதியை கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை மூணும் குறைஞ்சதே விளக்கிடுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அதுல பெரிய பங்கு கொலஸ்ட்ராலுக்கு, அதாவது சாப்பாட்டுக்கு.

இதை ஏன் எழுதறேன்னா, எங்க அப்பாவுக்கு பிபி. டாக்டர் கொடுத்த 'சாப்பிடலாம், சாப்பிடக் கூடாது' சீட்டு பிரிட்ஜ் கதவுல ரெண்டு வருஷமா ஒட்டியிருக்கு. ஊறுகாய் பாட்டில் அதே பிரிட்ஜுக்குள்ள! அறிவுரைல தப்பில்லை. ஆனா அந்தச் சீட்டு அப்பா ஒருத்தரைத்தான் மாறச் சொல்லுது. சமைக்கிற அம்மாவையும், கூட உக்காந்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுற என்னையும் அது கண்டுக்கவே இல்லை. கரேலியாவில் மாறினது தனி ஆள் இல்லை, ஊர்ச் சமையலறை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். மாத்திரையை நிறுத்திட்டு கேரட் சாப்பிட ஆரம்பிச்சா கம்பெனி பொறுப்பேற்காது :)