ஸ்வீட் பீ

ஸ்வீட் பீ (தாவரவியல் பெயர்: லாத்திரஸ் ஓடோரேட்டஸ்) பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுக் கொடி. நறுமணத்துக்காகக் கொய்மலராக விதையிலிருந்து வளர்க்கப்படுகிறது. பெயரில் பட்டாணி இருந்தாலும் இதன் விதை நச்சுத்தன்மை உடையது, உண்ணக்கூடாது.

வரலாறு

இதன் தாயகம் சிசிலித் தீவும் தென் இத்தாலியும். சிசிலியைச் சேர்ந்த துறவி பிரான்செஸ்கோ குப்பானி 1699-ல் இதன் விதைகளை இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஊரின் பள்ளி ஆசிரியர் ராபர்ட் யுவிடேலுக்கு அனுப்பினார். அந்தப் பூ சிறியது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. ஆனால் மணம் கூடுதல்.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஹென்றி எக்ஃபோர்டு கலப்பினம் செய்யத் தொடங்கிய பிறகே பூ பெரிதாகி, நிறங்கள் பெருகின. மொட்டு விரியும் முன்பே தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுவதால், தேர்ந்தெடுத்த குணத்தை விதையிலேயே நிலைநிறுத்த முடிந்தது. 1901-ல் ஆல்தார்ப் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் சைலஸ் கோல் அலையலையான இதழ்கள் கொண்ட 'கவுண்டஸ் ஸ்பென்சர்' வகையைக் காட்சிக்கு வைத்தார். அதன்பின் வந்த பல வகைகளில் மணம் குறைந்தது. கண்காட்சி மேடையில் பார்க்கப்பட்டது பூவின் அளவும் காம்பின் நீளமும்தான். மணத்துக்குப் பெயர்பெற்ற பூ, மணமில்லாமலே பரிசு வாங்கும் நிலை வந்தது.

1905-ல் பேட்சனும் சாண்டர்ஸும் புன்னெட்டும் இச்செடியின் பூநிறமும் மகரந்தத் துகளின் வடிவமும் சேர்ந்தே கடத்தப்படுவதைக் கண்டனர். மரபணுப் பிணைப்பு பற்றிய தொடக்கச் சான்று இது.

மலையும் அடிவாரமும்

ஆங்கிலேயர் தம் ஊர்த் தோட்டத்தை நினைவூட்டும் பூக்களின் விதைகளை இந்திய மலைவாழிடங்களுக்குக் கொண்டுவந்தனர்; ஸ்வீட் பீயும் அவற்றில் ஒன்று. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டினர். பிரையண்ட் பூங்கா 1908-ல் உருவானது. அங்கே மே மாதத்தில் மலர்க்கண்காட்சி நடைபெறுகிறது.

அந்த மலைக்கு ஏறும் சாலை தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியை ஒட்டிய காட்ரோட்டில் தொடங்குகிறது. அடிவாரத்து வெயிலில் ஸ்வீட் பீ கோடையைத் தாங்காது. இங்குள்ள மணப்பூ மல்லிகைதான். அருகில் நிலக்கோட்டைப் பூச்சந்தையும் உள்ளது. குண்டுமல்லி பொதுவாக விதை வைப்பதில்லை. குச்சி நட்டும் பதியன் போட்டும் பெருக்குகிறார்கள். எனவே தாய்ச்செடியின் மணம் அப்படியே தொடர்கிறது. மணமில்லாத மல்லியைச் சந்தையில் யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஸ்வீட் பீக்கு அத்தகைய காவல் இருக்கவில்லை. பழைய வகைகளின் விதையைச் சேமித்து வைத்தவர்களாலேயே அதன் மணம் பிழைத்தது. 'குப்பானி' என்ற பெயரில் இன்றும் விதை கிடைக்கிறது.

வளர்ப்பு

சமவெளியில் குளிர்காலப் பூவாக மட்டுமே முயலலாம். செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். விதைத்தோல் கடினமானது, லேசாகக் கீறியோ இரவு முழுதும் ஊறவைத்தோ நடவேண்டும். இரண்டு, மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். கொடி ஏறக் குச்சியோ வலையோ தேவை. பூக்களை நாள்தோறும் பறிக்கவேண்டும். காய் பிடிக்க விட்டால் செடி பூப்பதை நிறுத்திவிடும்.