பிள்ளைகளின் வாக்குச்சீட்டு

1940-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இருபத்தொரு வயது நிரம்பாத எவருக்கும் வாக்குரிமை கிடையாது. இரண்டே ஆண்டுகள் கழித்துப் பதினெட்டு வயது வாலிபர்களைப் போர்ச்சேவைக்கு அழைக்கச் சட்டத்தைத் திருத்திக்கொண்ட அந்த அரசாங்கம், அதே வயதினர் கையில் வாக்குச்சீட்டைக் கொடுப்பதற்கு 1971 வரை யோசித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட தேசத்தின் வடமேற்கு மூலையில், பசிபிக் சமுத்திரத்தை ஒட்டிய ஊசியிலைக் காடுகளினிடையே அமைந்த ஊர்களில் படித்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள், அந்த 1940-ஆம் ஆண்டிலேயே வாக்களித்து ஒரு புத்தகத்துக்குப் பரிசளித்தார்கள். இன்று அந்நாட்டின் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் பரவியிருக்கும் ஒரு வழக்கத்துக்கு அதுவே ஆரம்பம்.

அதற்கு முன்பு பாலர் நூல்களுக்குப் பரிசு இல்லாமல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரிலே குழந்தைகளுக்கென்று புத்தகங்களை அச்சிட்டு, ஆண்பிள்ளை வாங்கினால் ஒரு பந்தும் பெண்பிள்ளை வாங்கினால் ஓர் ஊசிமெத்தையும் சேர்த்து விற்ற ஜான் நியூபெரி என்ற சமர்த்தரின் பெயரால், அமெரிக்க நூலகச் சங்கம் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. புத்தக வியாபாரிகளின் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த ஃபிரெடெரிக் மெல்ச்சர் 1921-இல் இந்த யோசனையைச் சொல்ல, அடுத்த ஆண்டே முதற்பதக்கம் வழங்கப்பட்டது. அந்த முதல் தடவை நூலகர்கள் தாங்களே வாக்களித்தார்கள். பதிவான 212 வாக்குகளில் 163 வாக்குகளைப் பெற்று, மனிதகுலத்தின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொல்லும் வான் லூனின் தடித்த புத்தகம் வெற்றி பெற்றது. பிற்காலத்தில் தேர்வுப் பொறுப்பு ஒரு குழுவின் கைக்குப் போயிற்று. வாக்கெடுப்பாயினும் குழுவாயினும் தேர்ந்தவர்கள் பெரியவர்களே. புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. எழாததற்குக் காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்கள் சில்லறைக்காசில் வாங்கி, கை மாற்றிக் கை மாற்றிப் படித்தவை, கூலிக்கு எழுதுவோரை வைத்து ஒரே அச்சில் வார்த்து வெளியிடப்பட்ட தொடர்க் கதைகள். 1914-இல் சிறுவர் சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகரான ஃபிராங்க்ளின் மாத்தியூஸ் என்பவர், இவை பையன்களின் மூளையையே வெடிவைத்துத் தகர்க்கின்றன என்னும் பொருள்பட ஒரு கட்டுரை தீட்டிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தார். இந்த ரசனையுடையவர்களிடமா அபிப்பிராயம் கேட்பது என்று நூலகர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் ஒருவர் கேட்டுப் பார்த்தார். சிகாகோ நகரத்தை அடுத்த வின்னெட்கா என்னும் சிற்றூரின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த கார்ல்டன் வாஷ்பர்ன், மேபல் வோகல் என்ற அம்மையாரைத் துணையாகக் கொண்டு, 34 நகரங்களில் 36,750 பிள்ளைகளிடம் சீட்டுகளைக் கொடுத்து, படித்த புத்தகம் ஒவ்வொன்றையும் பற்றி அவரவர் எண்ணத்தைக் குறித்துத் தரச்செய்து, அந்த மலையளவு காகிதத்தைத் தொகுத்து 1926-இல் ஒரு ஜாபிதாவாக வெளியிட்டார். எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று கண்டறிவதே அவருடைய உத்தேசம். பரிசு கொடுப்பது அன்று. எனினும் தரக்குறைவானவை என்று தாங்கள் ஒதுக்கிவைத்த நூல்கள் அதிலே தலைகாட்டியதைக் கண்ட நூலகர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். நாம் இன்று திரும்பிப் பார்க்கையில், அந்தச் சண்டையில் இரு கட்சிக்கும் நியாயம் இருந்ததாகவே தோன்றுகிறது. குழந்தை விரும்புவதெல்லாம் நல்லதாகிவிடாது என்பது உண்மை. அது விரும்பாததை நல்லதென்று சொல்லி அலமாரியில் அடுக்கிவைப்பதால் பயன் இல்லை என்பதும் உண்மை.

வின்னெட்காவில் ஆராய்ச்சியாக இருந்ததை விழாவாக மாற்றியவர் சியாட்டில் நகரத்துப் புத்தகக் கடைக்காரர் ஹாரி ஹார்ட்மன். ஒவ்வொரு மாணவனுக்கும் தனக்கு இன்பம் தரும் புத்தகத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைக்காரருக்கு இப்படியொரு கொள்கை இருப்பதில் லாபநோக்கம் இல்லாமலா போகும் என்று கேட்பவர்கள் கேட்கலாம்; நியூபெரியும் கடைக்காரர்தாம், பந்தும் ஊசிமெத்தையும் கொடுத்தது தர்மத்துக்கு அன்று. வாஷிங்டன், ஐடஹோ முதலிய மாநிலங்களோடு எல்லை தாண்டிக் கனடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தையும் தன்னுள் அடக்கியிருந்த பசிபிக் வடமேற்கு நூலகச் சங்கம், 1909 முதல் நடந்துவந்த ஸ்தாபனமாதலால், அவருடைய எண்ணத்தைச் செயலாக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இளம் வாசகர் தேர்வுப் பரிசு என்று அதற்குப் பெயர்.

அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது எதை? டெல் மெக்கார்மிக் என்பவர் எழுதி, ஐடஹோவில் கால்டுவெல் என்னும் ஊரிலிருந்த காக்ஸ்டன் அச்சகத்தார் 1936-இல் வெளியிட்ட, பால் பன்யன் என்ற இராட்சத மரவெட்டியின் கதைகளை. ஒரு வீச்சிலே காட்டைச் சாய்ப்பவனும், நீலநிறக் காளையொன்றைத் துணையாகக் கொண்டவனுமான இந்தப் பன்யன், மரம் வெட்டும் முகாம்களில் தொழிலாளர்கள் இராப்பொழுதிலே அளந்துவிட்ட புளுகுகளில் பிறந்தவன். அறுவை ஆலைகளின் சங்கொலியைக் கேட்டு வளர்ந்தவர்களும், தகப்பனோ மாமனோ கோடரி பிடித்தவர்களாக உள்ளவர்களுமான பிள்ளைகள், தங்கள் பிராந்தியத்திலேயே அச்சான, தங்கள் வீட்டு மனிதர்களின் தொழிலை வானளாவ உயர்த்திக் காட்டிய ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். அதே 1936-இல் வெளிவந்த நூல்களுக்கான நியூபெரிப் பதக்கம், நியூயார்க் நகரத்துச் சிறுமியொருத்தி சக்கரக் காலணியில் ஊர் சுற்றுவதைச் சொல்லும் ரூத் சாயரின் நாவலுக்குப் போயிருந்தது. அது நயமான படைப்புத்தான்; ஆயினும் மரத்தூள் வாசனை வீசும் ஊரிலுள்ள பையனுக்கு அது எத்தனை தூரத்துச் சங்கதி என்பதைத் தேர்வுக்குழு நினைத்துப் பார்த்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்த ஆண்டு, 1941-இல், வீட்டுக்கு வண்ணம் பூசும் ஓர் ஏழைத் தொழிலாளியின் இல்லத்திலே பெங்குவின் பறவைகள் குடியேறிச் செய்யும் அட்டகாசத்தைச் சொன்ன ஆட்வாட்டர் தம்பதியரின் நகைச்சுவைக் கதைக்கு வாக்குகள் விழுந்தன. நியூபெரிக் குழு 1939-இல் இதே கதைக்கு இரண்டாந்தர மரியாதை ஒன்றை அளித்து, பதக்கத்தை வேறொன்றுக்குக் கொடுத்திருந்தது. 1950-இல் டாக்டர் சூஸ் என்ற புனைபெயரில் எழுதிய விகடகவியின் குளத்து மீன் கதையைப் பிள்ளைகள் தேர்ந்தார்கள். அந்த மனிதருக்கு நியூபெரிப் பதக்கமோ, படப்புத்தகங்களுக்குரிய கால்டிகாட் பதக்கமோ ஆயுள் முழுவதும் கிடைக்கவேயில்லை. பெரியவர்களின் தராசிலே சிரிப்புக்கு எடை குறைவு.

இவ்விஷயத்தில் பெவர்லி கிளியரி என்னும் எழுத்தாளரின் வரலாறு சற்று நின்று நோக்கத்தக்கது. வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில் அவர் பாலர் பகுதி நூலகராக வேலை பார்த்தது 1939, 1940-ஆம் ஆண்டுகளில். ஹார்ட்மனின் பரிசு உருவாகிக்கொண்டிருந்த அதே காலம், அதே பிரதேசம். அங்கு வந்த சிறுவர்கள், தங்களைப்போன்ற சாதாரணப் பையன்களைப் பற்றிய கதை எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, எடுத்துக் கொடுக்க அலமாரியில் ஒன்றும் இல்லாமல் அவர் திகைத்தார். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பத்தாண்டு கழித்து, 1950-இல், ஹென்றி ஹக்கின்ஸ் என்ற சிறுவனைப் படைத்தார். தெருவில் கண்ட எலும்பும் தோலுமான நாயை வீட்டுக்குக் கொண்டுபோக வழிதேடுவதும் செய்தித்தாள் போடும் வேலைக்கு ஆசைப்படுவதும் தவிர வேறு சாகசம் அறியாத அந்தப் பையனின் கதைகளுக்கு வடமேற்குப் பிள்ளைகள் 1957-இலும் 1960-இலும் பரிசளித்தார்கள். அவருக்கு நியூபெரிப் பதக்கம் வந்து சேர்ந்தது 1984-இல். யாக்கிமாவின் மூத்த பையன்கள் அதற்குள் பேரன் எடுத்திருப்பார்கள்.

வடமேற்கிலே சங்கத்தின் முயற்சியாக இருந்தது, கான்சாஸ் மாநிலத்தில் மாநிலம் முழுவதற்குமான ஏற்பாடாயிற்று. அங்கே எம்போரியா என்னும் சிறிய ஊரிலிருந்து வெளிவந்த பத்திரிகையொன்றை நடத்தி, ஊர்ப் பத்திரிகையாசிரியராகவே இருந்துகொண்டு தேசமெங்கும் கேட்கும்படி பேசிய வில்லியம் ஆலன் ஒயிட் 1944-இல் காலமானார். அவருடைய பத்திரிகையில் பணிபுரிந்து, பாலர் நூல்களைப் பற்றி எழுதியும், பிற்பாடு புத்தகப் பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பிக் கண்காட்சி நடத்தியும் வந்த ரூத் கார்வர் காக்லியார்டோ அம்மையார், 1952-இல் எம்போரியாவின் ஆசிரியர் கல்லூரியைத் தலமாகக்கொண்டு ஒயிட்டின் பெயரால் ஒரு பரிசை நிறுவினார்.

1953-இல் கான்சாஸ் பிள்ளைகளின் முதற்பரிசு எலிசபெத் யேட்ஸ் எழுதிய ஆமோஸ் ஃபார்ச்சூன் சரித்திரத்துக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, தோல் பதனிடும் தொழில் கற்று, முதுமையை நெருங்கும் பருவத்திலே தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய உண்மை மனிதர் ஒருவரின் வாழ்க்கை அது. 1951-இல் நியூபெரிப் பதக்கமும் அதற்கே கிடைத்திருந்தபடியால், பெரியவரும் சிறியவரும் ஒருமித்த அபூர்வ சந்தர்ப்பம் என்று இதைச் சொல்லவேண்டும். கான்சாஸின் பெரிய நகரங்களில் அந்நாளில் ஆரம்பப் பள்ளிகளை நிறம் பார்த்துப் பிரித்துவைக்கச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. அம்மாநிலத் தலைநகரான டொப்பீகாவின் பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணையில் இருந்தது. 1954 மே மாதம் அந்தப் பிரிவினை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. வாக்களித்த பிள்ளைகள் இதையெல்லாம் மனத்தில் வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில், எந்தப் புத்தகம் என்பதைச் சரித்திரம் படிப்பவன் குறித்துக்கொள்ளாமல் போகமுடியாது.

ஒயிட்டின் பெயரில் இப்பரிசு அமைந்ததில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய மாதம் ஒரு புத்தகக் கழகம், சந்தாதாரர்கள் படிக்கவேண்டிய புத்தகத்தைத் தேர்ந்து தபாலில் அனுப்புவதற்கென்று ஐவர் குழுவொன்றை வைத்திருந்தது. வளர்ந்த மனிதருக்குப் புத்தகம் தேர்ந்து கொடுத்த அந்த ஐவரில் ஒயிட் ஒருவர். கான்சாஸில் பிறந்து வெர்மான்ட் மாநிலத்தில் குடியேறிய நாவலாசிரியை டாரத்தி கான்ஃபீல்ட் ஃபிஷர் மற்றொருவர். வெர்மான்ட் மாநிலத்தார் 1957 முதல் பிள்ளைகளின் வாக்கால் வழங்கிய பரிசுக்கு இந்த அம்மையாரின் பெயரையே வைத்தார்கள். ஆக, பெரியவர்கள் பிறர் தேர்ந்ததைப் படிக்க, பிள்ளைகள் தாமே தேர்ந்துகொள்ளும் இரண்டு பரிசுகள், முன்சொன்ன தேர்வாளர் இருவரின் பெயரிலேயே நடந்தன. ஃபிஷர் அம்மையாருக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மாநிலத்தில் நடந்த இனமேம்பாட்டு இயக்கத்தோடு இருந்த தொடர்பைப் பற்றி விவாதம் எழுந்து, 2020-இல் அவர் பெயர் நீக்கப்பட்டு, மாநில சட்டசபைக் கட்டடத்தின் பொற்கும்மட்டத்தைக் குறிக்கும் பெயர் அப்பரிசுக்கு இடப்பட்டது.

ஓக்லஹோமாவில் 1959-இல் ஏற்பட்ட பரிசு, செக்வோயா என்ற செரோக்கி மனிதரின் பெயரைத் தாங்கியது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவர், காகிதம் பேசும் வெள்ளையர் வித்தையைக் கண்டு, தம் மொழியின் ஒலிகளைத் தாமே பிரித்தெடுத்து, நம் உயிர்மெய்யைப்போல அசைக்கு ஓர் எழுத்தாக எண்பத்தைந்துக்குக் குறையாத எழுத்துக்களை 1821 வாக்கில் ஆக்கி முடித்தார். வாசிப்புக்கென்று ஏற்பட்ட பரிசுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

அப்பரிசை முதலில் பெற்றது ஃபிரெட் கிப்சன் எழுதிய, வெறிநோய் கண்ட தன் நாயைத் தானே சுட்டுக்கொல்ல நேரும் டெக்சாஸ் சிறுவனின் கதை. அதே 1959-இல் கான்சாஸ் பிள்ளைகளும், 1964-இல் ஹவாய்த் தீவுப் பிள்ளைகளும் அதே கதையைத் தேர்ந்தார்கள். 1957-இல் டிஸ்னி நிறுவனத்தார் இதைத் திரைப்படமாக்கியிருந்ததால், படம் பார்த்த வாக்கா, புத்தகம் படித்த வாக்கா என்று சிலர் ஐயுறலாம். 1956-இல் கான்சாஸ் ஒரு கழுதையின் கதையையும், 1957-இல் வெர்மான்ட் ஒரு பந்தயக் குதிரையின் கதையையும் தேர்ந்திருந்ததைப் பார்க்கும்போது, படம் இல்லாவிட்டாலும் நாய்க்கு வாக்கு விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்த சுதந்திரம் பூரணமானதன்று. வாக்குக்கு வரும் ஜாபிதாவைத் தயாரிப்பவர்கள் நூலகரும் ஆசிரியருமே; தொடர்க்கதைகளைக் கண்டு மாத்தியூஸ் கொண்ட பயம், வாசலில் நிற்கும் காவலாளியாக இன்றும் இருந்துவருகிறது. அதைக் குறைகூறுபவர்கள், வாக்களிக்கும் தகுதிக்கென்று இப்பரிசுகள் வைத்திருக்கும் நிபந்தனையையும் கூடவே பார்க்கவேண்டும். கான்சாஸில் ஜாபிதாவிலுள்ள புத்தகங்களில் இரண்டையாவது படித்தவருக்கே வாக்கு; டெக்சாஸில் நீலத் தொப்பிப் பூவின் பெயரால் 1981 முதல் நடக்கும் பரிசுக்கு, இருபதில் ஐந்தைப் படித்திருக்கவேண்டும். சொத்தோ வரியோ பார்க்காமல், தீர்ப்புச் சொல்லப்படும் பொருளைப் பற்றிய அறிவைத் தகுதியாகக் கேட்கும் தேர்தல் வேறெங்கே நடக்கிறது? பரிசு யாருக்குப் போயிற்று என்பதைவிட, வாக்குரிமையின் ஆசையால் எத்தனை பிள்ளைகள் ஐந்து புத்தகம் படித்தார்கள் என்பதே நூலகர்களுக்கு முக்கியம் என்று தோன்றுகிறது. சியாட்டில் கடைக்காரரின் பழைய பரிசு சற்றுத் தாராளமாக நடந்துகொள்கிறது: இரண்டு புத்தகங்களைத் தானே படித்திருக்கவேண்டும் என்று அது வற்புறுத்துவதில்லை; பிறர் படிக்க உட்கார்ந்து கேட்டிருந்தாலும் போதும், வாக்கு உண்டு.