ஆன்டிகனியும் ஹீமோனும்

கிரேக்கத் தொன்மங்களில் வரும் தீப்ஸ் அரச குடும்பத்தினர். பரவலாக அறியப்பட்ட கதைப்படி, மணம் பேசி முடித்தபின், அது நிறைவேறுமுன் மாண்டவர்கள். ஈடிபஸ், தாய் என்றறியாமல் ஜொகாஸ்டாவை மணந்து பெற்ற மக்கள் நால்வரில் ஒருத்தி ஆன்டிகனி. ஜொகாஸ்டாவின் உடன்பிறந்தான் கிரியோனின் மகன் ஹீமோன். எனவே அவன் ஆன்டிகனிக்குத் தாய்மாமன் மகன். அவள் தந்தைக்கும் அதே முறைதான்.

பழைய காப்பியங்களில் இந்தக் காதல் கிடையாது. ஹோமர் ஆன்டிகனியின் பெயரையே சொல்வதில்லை. ஒடிசியில் ஈடிபஸின் தாய் எபிகாஸ்டி என்ற பெயரில் வருகிறாள். அவளுக்கும் ஈடிபஸுக்கும் பிள்ளைகள் பிறந்ததாகப் பேச்சில்லை. சில வரிகளே எஞ்சியுள்ள 'ஈடிபோடியா' காப்பியத்தில் ஹீமோன் ஸ்ஃபிங்ஸ் என்னும் அரக்கிக்கு இரையாகிறான். ஈடிபஸின் திருமணம் அந்த அரக்கி ஒழிந்த பிறகே நடந்தது என்பதால், ஆன்டிகனி பிறக்குமுன்பே ஹீமோன் இறந்திருக்க வேண்டும். ஈடிபஸின் மக்களைப் பெற்றவள் யூரிகனெய்யா என்ற வேறொருத்தி என்றும் அக்காப்பியம் கூறியதாக, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியஸ் குறிக்கிறார். இலியட்டிலோ ஹீமோன் என்பவனுக்கு மயோன் என்ற வளர்ந்த மகன் இருக்கிறான்.

இருவரையும் இணைத்தவர், நாமறிந்தவரை, சோஃபக்ளீஸ். கி.மு. 441ஐ ஒட்டி ஏதென்ஸில் அரங்கேறிய அவரது 'ஆன்டிகனி'யில், தீப்ஸ்மீது படையெடுத்து வந்து மடிந்த ஆன்டிகனியின் அண்ணன் பாலினீசிஸை அடக்கம் செய்யக் கூடாதென்று கிரியோன் தடை விதிக்கிறான். ஆன்டிகனி தடையை மீறி உடல்மீது மண் தூவுகிறாள். உயிரோடு குகையில் அடைக்கப்படுகிறாள். காதலர் இருவரும் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து வருவதில்லை. ஹீமோனுக்காக உருகும் ஒற்றை வரியும் தங்கை இஸ்மினியுடையதே. கணவன் போனால் வேறொருவன் வாய்ப்பான், பெற்றோர் இறந்தபின் உடன்பிறந்தான் மீண்டும் பிறக்கமாட்டான் என்பது ஆன்டிகனியின் வாதம். அவள் தூக்கிட்டு இறந்துகிடக்கக் கண்ட ஹீமோன், தந்தைமீது வாளை ஓங்குகிறான். குறி தவறவே தன்னையே குத்திக்கொண்டு அவளைத் தழுவியபடி சாகிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் கணவனைச் சபித்துவிட்டு உயிர்விடுகிறாள். 

யூரிபிடீஸின் தொலைந்துபோன நாடகத்தில் இருவரும் மணந்து மகவு பெற்றனர். லத்தீன் எழுத்தாளர் ஹைஜைனஸ் தொகுத்த கதையில், அவளைக் கொல்லப் பணிக்கப்பட்ட ஹீமோன் அவளை இடையர்களிடம் ஒளித்துவைக்கிறான். வளர்ந்த மகன் உடலில் இருந்த குலக்குறியால் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது.

பிற்காலத்தில் அனூய் (1944), பிரெக்ட் (1948) முதலியோர் இக்கதையைப் புதிதாக எழுதினர். 1973இல் தென்னாப்பிரிக்காவில் மேடையேறிய 'தீவு' நாடகத்தில் சிறைக்கைதிகள் இருவர் ஆன்டிகனியின் விசாரணையை நடிக்கின்றனர். அதில் ஹீமோனுக்கு வேடமில்லை.