'கேஷ்': ஒரு வடிவம், இரு சொற்கள்

ஆங்கிலத்தில் கைப்பணத்தைக் குறிக்க அன்றாடம் வழங்கும் 'கேஷ்' என்னும் சொல் தமிழ்க் 'காசு' என்பதன் திரிபு என்னும் கருத்து மேடைப்பேச்சிலும் வகுப்பறையிலும் அடிக்கடி கேட்கப்படுகிறது. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருப்பதால் அது எளிதில் ஏற்கப்பட்டும் விடுகிறது. இளங்கலை வகுப்பில் இதனைக் கேட்டு நம்பியவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். ஆனால் சான்றுகளை நோக்கின், ஆங்கிலத்தில் இவ்வடிவில் வழங்குவன பிறப்பால் வேறுபட்ட இரு சொற்கள் என்பதும், அவற்றுள் ஒன்றே தமிழ்வழிப்பட்டது என்பதும் புலனாகின்றன.

கைப்பணம் என்னும் பொருளுடைய சொல்லின் மூலம் பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் 'காப்சா' ஆகும். அது இத்தாலியத்தில் 'கஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் திரிந்து, வணிகரின் பணப்பெட்டியைக் குறித்துப் பின்னர் அப்பெட்டியிலுள்ள பணத்திற்கு ஆகுபெயராயிற்று. 1598இல் வெளிவந்த ஜான் ஃபுளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதி 'கஸ்ஸா' என்பதற்குப் பொருள் கூறுமிடத்து 'கேஷ்' என்பதைப் பணப்பெட்டி என்னும் பொருளிலேயே ஆள்கிறது. காலமும் தமிழ்மூலக் கருத்திற்கு இடந்தரவில்லை. லூக்கா பச்சோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட கணக்கியல் நூலில் 'கஸ்ஸா' ரொக்கக் கணக்கின் பெயராகவே நிற்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல்தான்.

மற்றொரு 'கேஷ்' ஆசிய நாடுகளின் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். இதுவே காசின் வழிவந்தது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டிலும் இடம்பெற்ற இச்சொல், சோழர் காலத்தில் மதிப்புமிக்க நாணயத்தைக் குறித்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்ட காசுக்கு ஆண்டொன்றுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி குறிக்கப்படுகிறது. ஐரோப்பியர் காலத்திலோ காசு மிகச் சிறிய செப்பு நாணயமாக இறங்கிவிட்டது. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என 1818 வரை கணக்கிடப்பட்டது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம்.

போர்த்துகீசியர் காசை 'கைஷா' என்றனர். அவர்கள் முதலில் தங்கியது மலபார்க் கரையாதலின், சகரத்தைத் தெளிவாக ஒலிக்கும் மலையாள வடிவத்தையே கேட்டிருத்தல் கூடும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எவ்வாறாயினும், அம்மொழியில் 'கைஷா' என்பது முன்னரே பெட்டிக்குப் பெயர்; அதுவும் 'காப்சா'வின் வழித்தோன்றல். வேற்றுமொழிச் சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் வடிவில் அவர்கள் வார்த்துக்கொண்டனர். இரு சொற்களின் மயக்கம் தொடங்குவது இங்கேதான். ஆங்கிலம் அம்மயக்கத்தைப் பெற்றுக்கொண்டது. ஃபுளோரியோவின் அகராதி வெளிவந்த அதே 1598இல் லின்ஸ்ஹோட்டனின் பயணநூலும் இலண்டனில் ஆங்கிலமாயிற்று. அதில் சுந்தா நாட்டின் துளையிட்ட செப்பு நாணயம் 'கைஷா' எனக் குறிக்கப்படுகிறது. ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரு நூலில் பெட்டி. மற்றொன்றில் செப்புக் காசு.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' தமிழ்க் காசைச் சுட்டுவதும் இந்நாணயப் பெயருக்கே. அப்பதிவைக் கைப்பணச் சொல்லுக்குச் சான்றாகக் காட்டுவோர் அதன் முதல் தொடரைப் படிக்காது விடுகின்றனர். 'கேஷியர்' என்பதற்கு நாம் ஆக்கிய 'காசாளர்' என்னும் அழகிய சொல்லும் இம்மயக்கத்தை அறியாமல் வளர்க்கிறது.

காசினை வடமொழிக் 'கர்ஷ'த்தோடு இணைப்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் மேற்கூறியது மாறாது. தமிழ்ச் சொல்லின் உண்மையான பயணமோ பொய்ப் பெருமையால் மறைந்து கிடக்கிறது. நடுவே சதுரத் துளையுடைய சீன நாணயத்தை ஆங்கில நாணயவியலார் இன்றும் அழைப்பது, போர்த்துகீசியர் வாயில் உருமாறிய அக்காசின் பெயராலேயே.