இந்தூர் எருக்குழி

இயற்கை வேளாண்மையை மேலைநாட்டுச் சிந்தனையின் விளைவாகக் கருதுவோர், அதன் தொடக்க ஆய்வுகளில் முதன்மையான ஒன்று மாளவத்துக் கரிசல் மண்ணில் நடந்ததை மறந்துவிடுகின்றனர். 1905இல் பூசா ஆய்வு நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்த ஆல்பர்ட் ஹோவர்டு, 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர்த்தொழில் ஆய்வு நிறுவனத்தை நடத்திய காலத்தில், வேதியியலாளர் யஷ்வந்த் வாட் துணையுடன், பின்னாளில் 'இந்தூர் முறை' எனப் பெயர்பெற்ற மட்கு எரு, அதாவது தாவரக் கழிவும் சாணமும் நுண்ணுயிர்களால் சிதைந்து உருவாகும் உரம், செய்யும் வழியை வகுத்தார். எளிதில் மட்காத பருத்திமார் பண்ணைப் பாதைகளில் பரப்பப்பட்டு, வண்டிச் சக்கரங்களில் நசுங்கி நார்நாரான பின், தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக இடப்பட்டது. அதனுடன் சாணம், கோமியம் ஊறிய தொழுவ மண், விறகுச் சாம்பல் ஆகியவற்றைக் குழியில் அடுக்கி, நீர் தெளித்து, காற்றுப் புகுமாறு சில முறை புரட்டினால், ஏறத்தாழ மூன்று மாதங்களில் எரு கைக்கு வந்தது. இதில் சீன உழவரின் நெடுங்கால வழக்கத்துக்கு ஹோவர்டு கடமைப்பட்டவர்; அதை அவர் மறைக்கவுமில்லை. சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிந்த ஊர்களில், எஞ்சிய கொஞ்சத்தைக் கொண்டே மிகுதியான எரு பெறலாம் என்பதுதான் இம்முறையின் உண்மையான கவர்ச்சி. ஆயினும் குழி புரட்டும் ஆள்கூலியும் கோடையில் தேவைப்பட்ட நீரும், ஆய்வுப் பண்ணைக்குக் கிடைத்ததுபோல் சிறு உழவனுக்கு எளிதில் கிடைக்கவில்லை.