மூன்று அரை நாளும் மூன்று முழு நாளும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாரத்துக்கு மூன்று அரை நாள் மட்டும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளிலோ வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் மட்டும் வரும் ஆசிரியர்களைப் பார்க்காமல் ஒரு பள்ளிக்குள் போய்வர முடியாது. இரு தரப்பும் பகுதிநேர ஆசிரியர்கள்தாம். ஆனால் அங்கே இருப்பவர் தன் வாழ்க்கைக்குத் தோதாக நேரத்தைக் குறைத்துக்கொண்டவர். இங்கே இருப்பவர் முழு நாள் வேலை கேட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் போராடி வருபவர். நெதர்லாந்து பணக்கார நாடு, அதனால்தான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வேலை நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் யாருக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்வியில்தான் இருவரின் வழியும் பிரிகிறது.

முதலில் நம் ஊர்க் கதை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. அதாவது, இந்தப் பாடங்களுக்கு முழுநேர ஆள் தேவையில்லை என்று சட்டமே முன்கூட்டி முடிவெடுத்துவிட்டது. அதை ஒட்டி 2012-இல் தமிழ்நாடு அரசு 16,549 பேரை நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை, தோட்டக்கலை எனப் பல பாடங்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு 7,000, 7,700, 10,000 என்று ஏறி, 2024-இல் 12,500 ஆனது. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் ஒரு போராட்டம் இருந்தது. சென்னையில் பலரும் இன்னும் டி.பி.ஐ. என்றே சொல்லும் கல்வி வளாகத்தின் வாசலில் உட்கார்ந்து, கைதாகி, மண்டபங்களில் அடைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னதை இன்னும் எண்ணோடு நினைவு வைத்திருக்கிறார்கள்: வாக்குறுதி 181.

சம்பளத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியின் முழுநேரச் சிறப்பாசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. 2012-இல் சேர்ந்த ஒருவர் ஆண்டுதோறும் 3 சதவீத ஊதிய உயர்வு பெற்றிருந்தால் 2024-இல் அடிப்படை ஏறத்தாழ 29,000-ஐத் தாண்டியிருக்கும். அந்த ஆண்டின் 50 சதவீத அகவிலைப்படியும் சேர்ந்தால் 44,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று அரை நாள் என்பது ஐந்து நாள் வாரத்தில் பத்தில் மூன்று பங்கு. 44,000-இல் பத்தில் மூன்று பங்கு 13,200. பகுதிநேர ஆசிரியர் வாங்கியதோ 12,500. மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தக் கணக்கை அரசுத் தரப்பில் யாராவது போட்டுக் காட்டினால் போராட்டக்காரர்களின் வாய் அடைத்துவிடும் என்று தோன்றும். அடைக்காது. ஆண்டுக்கணக்காக அவர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. பள்ளிக்கு விடுமுறை, ஆகவே அவர்களுக்குச் சம்பளமும் விடுமுறை. ஆனால் மே மாதத்தில் மளிகைக்கடைக்காரரும் வீட்டுக்காரரும் விடுமுறை விடுவதில்லை. பதினொரு மாதத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,37,500. பங்குக் கணக்குப்படி பன்னிரண்டு மாதத்துக்கு 1,58,400 வந்திருக்க வேண்டும். இதற்கு மேல் ஓய்வூதியம் இல்லை, பணி மூப்பு இல்லை, பதவி உயர்வு இல்லை. ஆண்டு ஊதிய உயர்வு என்ற ஒன்றே இல்லாததால், 2012-இல் சேர்ந்தவரின் அனுபவத்துக்கென்று சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. அரை நாளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு முழு நாளும் பள்ளியில் நிற்க வேண்டியிருக்கிறது, ஆசிரியர் வராத வகுப்பையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்ற குறையும் நீண்ட காலமாகக் கேட்கிறது.

அரை நாள் வேலை அரை நாளோடு முடிவதில்லை என்பது கிராமத்துப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வருகிறவருக்குத் தெரியும். காலை ஒன்பதரை மணி வகுப்புக்கு ஏழரைக்குப் பேருந்து நிலையத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தாலும் அடுத்த பேருந்து ஒன்றரைக்குத்தான். வீடு வந்து சேரும்போது மணி மூன்று. அதற்குப் பிறகு யார் இன்னொரு வேலை தருவார்கள்? தையல் ஆசிரியை வீட்டில் ரவிக்கை தைக்கலாம், ஓவிய ஆசிரியர் கடைப்பலகை எழுதப் போகலாம். கணினி ஆசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் அந்த வழியும் கஷ்டம். மீதி நேரம் அவர்கள் கையில் இருப்பதுபோல் தெரிகிறதே தவிர, அதை விற்கவும் முடியாது, வீட்டுக்குப் பயன்படுத்தவும் முடியாது. இரண்டுங்கெட்டான் நிலை.

நெதர்லாந்து எப்போதும் இப்படித் தாராளமாக இருந்த நாடு இல்லை. அங்கே அரசுப் பணியில் இருந்த பெண்கள் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். 1955-இல் கோரி டென்டலோ என்ற பெண் உறுப்பினர் இதற்கு எதிராக நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 46-க்கு 44 என்ற கணக்கில் மயிரிழையில்தான் நிறைவேறியது. பிறகு பெண்கள் வேலைக்கு வந்தபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போதிய ஏற்பாடு இல்லை. பல பள்ளிகள் புதன்கிழமை மதியமே மூடிவிடும். அதனால் முழுநேர வேலை பலருக்கு நடக்காத காரியம். பகுதிநேரம் அங்கே முதலில் சமாளிப்பாகத்தான் தொடங்கியது. 1982-இல், வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது, தொழிற்சங்கத் தலைவர் விம் கோக்கும் முதலாளிகள் சங்கத் தலைவர் கிறிஸ் வான் ஃபேனும் வாசனார் என்ற ஊரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சம்பள உயர்வைச் சங்கங்கள் அடக்கி வாசிக்கும், பதிலுக்கு வேலை நேரத்தைக் குறைத்து இருக்கும் வேலையைப் பலருக்குப் பகிரலாம் என்பது சாரம். விம் கோக் பின்னாளில் பிரதமரானார்.

அந்தச் சமாளிப்பை உரிமையாக்கியவை அடுத்து வந்த சட்டங்கள். 1996-இன் சட்டம், வேலை நேரம் குறைவு என்பதற்காக ஒருவரை வேறுவிதமாக நடத்தக் கூடாது என்றது. மூன்று நாள் வேலை செய்பவருக்கு ஐந்தில் மூன்று பங்குச் சம்பளம், ஐந்தில் மூன்று பங்கு விடுமுறை, அதே ஊதிய விகிதம், அதே ஆண்டு உயர்வு. ஆறு வாரக் கோடை விடுமுறைக்கும் சம்பளம் உண்டு. போதாததற்கு எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுமுறைப் படி. தொடக்கப் பள்ளியில் முழுநேர வேலை ஆண்டுக்கு 1,659 மணி என்று கூட்டு ஒப்பந்தம் வரையறுக்கிறது. பகுதிநேரக்காரரின் எல்லாக் கணக்கும் அந்த எண்ணின் பங்காகவே போடப்படுகிறது. தனியாக ஒரு கீழ்வகுப்பு ஆசிரியர் இனம் உருவாகவில்லை.

2000-இல் வந்த சட்டத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வேலை நேரத்தைக் குறைக்கவும் கூட்டவும் தொழிலாளி கேட்கலாம் என்றது அது. 2016-இல் திருத்தி எழுதப்பட்ட பின் அதன் நடைமுறை இப்படி: மாற்றம் வேண்டிய நாளுக்கு இரண்டு மாதம் முன்பு எழுத்தில் கேட்க வேண்டும். மறுப்பதென்றால் வலுவான காரணத்தோடு முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். ஒரு மாதம் முன்புவரை பதில் வராவிட்டால், கேட்டபடியே நேரம் மாறிவிடும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு விலக்கு உண்டு. மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பழகிய நமக்கு, அதிகாரியின் மௌனம் மனுதாரருக்குச் சாதகமாக முடியும் என்ற அந்த ஒரு விதி பொறாமையைத் தரும்.

இதன் விளைவை அந்நாட்டு வகுப்பறையில் கண்ணால் பார்க்கலாம். ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். திங்கள், செவ்வாய் ஒருவர். புதன் முதல் வெள்ளி வரை இன்னொருவர். கணக்கில் எந்தப் பயிற்சிவரை முடிந்தது, யாருக்கு வகுத்தல் புரியவில்லை, எந்தப் பிள்ளை காலையில் அழுதபடி வந்தது, எந்தப் பெற்றோர் தொலைபேசியில் கூப்பிட்டார் என்பதையெல்லாம் முதலாமவர் எழுதிவைத்துவிட்டுப் போக, மற்றவர் அதைப் படித்துவிட்டு வகுப்பைத் தொடங்குகிறார். இப்படிப் பொறுப்பை ஒப்படைப்பதும் வேலையின் ஒரு பகுதி. ஒருவர் நேரத்தைக் குறைத்துக்கொண்டார் என்பதற்காகப் பிள்ளைகளுக்கு எந்த மணி நேரமும் ஆசிரியர் இல்லாமல் போவதில்லை. நம் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வராத நாட்களில் ஓவியமே இல்லை.

நெதர்லாந்தைக் குறையற்றதாகக் காட்டுவது பிழை. நேரத்தைக் குறைத்துக்கொள்பவர்களில் பெண்களே மிகுதி. கணவர் முழுநேரம், மனைவி அரை நேரம் என்ற ஒன்றரைச் சம்பளக் குடும்பம் அங்கே பழகிப்போன ஒன்று. மணமுறிவு நேரும்போது அந்த அரைச் சம்பளம் போதாமல் போகிறது. முதுமையில் அரசின் அடிப்படை ஓய்வூதியம் அங்கே வசித்த ஆண்டுகளைப் பொறுத்தது, வேலை நேரத்தைப் பொறுத்ததில்லை என்பதால் ஒரு தளம் இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் வரும் தொழில் ஓய்வூதியம், செய்த மணிக்கணக்குப்படி சுருங்கியே வரும்.

நம் நாட்டில் நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கிறது? சண்டிகரில் அஞ்சலகத்தைப் பெருக்கித் துடைத்த பகுதிநேரத் தொழிலாளிகளின் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இல்லாத பகுதிநேரப் பணியாளர் நிரந்தரமும் கோர முடியாது, நிரந்தரப் பணியாளருக்கு இணையான சம்பளமும் கோர முடியாது என்றது. 2024 டிசம்பரிலோ, மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் பகுதிநேரமாகத் துப்புரவு முதலிய வேலைகளைச் செய்தவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிகம் என்று பெயரிட்டு ஆளை வைத்திருப்பதை அது கண்டித்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே நம் பகுதிநேர ஆசிரியர்கள் நிற்கிறார்கள்.

இன்று நெதர்லாந்தில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமை. பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு இன்னும் சில மணி கூடுதலாக வர மாட்டார்களா என்று அரசே கேட்கிறது. இங்கே கூடுதல் மணிகளுக்குத் தயாராகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவத்தோடு நிற்கிறார்கள் ஆசிரியர்கள். ஒரே நாளில் அத்தனை பேரையும் நிரந்தரமாக்க நிதி இல்லை என்று அரசு சொன்னால், அதற்கு முன் செய்யக்கூடியவை உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கும் சம்பளம் தரலாம். முழுநேர ஆசிரியரின் ஊதிய விகிதத்தில் பங்குபோட்டு ஆண்டு உயர்வையும் ஓய்வூதியத்தையும் தரலாம். ஓவியமோ தையலோ சொல்லித்தர ஆளில்லாத பக்கத்துப் பள்ளியின் அரை நாள்களையும் சேர்த்துக் கேட்பவருக்கு, இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று அரசாணையில் ஒரு வரி சேர்க்கலாம்.